துணைக்கு ஒருத்தி: பிரசவ அறையில் உடனிருப்பவரால் என்ன பயன்?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், வசதி குறைந்த பெண்கள் பிரசவத்துக்கு வந்த ஜெஃபர்சன் டேவிஸ் மருத்துவமனையில் நடந்த ஓர் ஆய்வு 1991இல் வெளியானது. தலைப்பிரசவத்துக்கு வந்த ஆரோக்கியமான 412 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவில் ஒவ்வொரு பெண்ணுடனும், மருத்துவமனையில் சேர்ந்தது முதல் குழந்தை பிறக்கும்வரை ஒரு டூலா, அதாவது பிரசவத்தில் உடனிருக்கப் பழகிய துணைப் பெண், இருந்தார். கையைப் பிடித்துக்கொண்டார், முதுகை நீவிவிட்டார், என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இரண்டாம் குழுவில் ஒரு பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்து குறிப்பெடுத்தார். வலியில் இருந்தவரிடம் அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, இந்த இரண்டும் இல்லாமல் வழக்கப்படி பிரசவித்த 204 பேரின் விவரங்களையும் பிறகு சேர்த்துக்கொண்டார்கள்.

வழக்கப்படி பிரசவித்தவர்களில் 18 சதவீதம் பேருக்கு சிசேரியன் நடந்தது. டூலா உடனிருந்தவர்களில் அது 8 சதவீதம். நம்மை யோசிக்கவைப்பது நடுக் குழுதான். வாய் திறக்காமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்த பெண் இருந்த இடத்திலும் சிசேரியன் 13 சதவீதமாகக் குறைந்திருந்தது. சுகப்பிரசவம் ஆனவர்களில் முதுகில் மயக்க ஊசி போட்டுக்கொண்டவர்கள் வழக்கமான குழுவில் 55 சதவீதம், பேசாத பெண் இருந்த குழுவில் 23 சதவீதம், டூலா இருந்த குழுவில் 8 சதவீதம்.

சும்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாலே இவ்வளவு மாற்றமா? அப்படியானால் டூலா என்பவர் கூடுதலாகக் கொடுப்பது என்ன? அந்த இடத்தில் தாயோ, அத்தையோ, கணவரோ இருந்தால் இதே பலன் கிடைக்குமா? கடந்த 45 ஆண்டுகளாக இந்தக் கேள்விகள் பல நாடுகளில் சோதிக்கப்பட்டிருக்கின்றன. பிரசவங்களில் ஏறக்குறைய பாதி சிசேரியனாக முடிகிற தமிழ்நாட்டுக்கு அந்த விடைகள் தெரிந்தே ஆகவேண்டும்.

முதலில் ஒரு தெளிவு. டூலா மருத்துவச்சி அல்ல. உள்பரிசோதனை செய்யமாட்டார், ரத்த அழுத்தம் பார்க்கமாட்டார், மருந்து கொடுக்கமாட்டார், குழந்தையை எடுக்கவும்மாட்டார். கர்ப்பகாலத்தில் சில முறை சந்தித்து, பிரசவம் எப்படி நடக்கும், எந்தக் கட்டத்தில் என்ன முடிவு எடுக்க நேரும் என்று பேசுவார். வலி வந்ததும் உடன் வந்து இருப்பார். பிரசவத்துக்குப் பிறகு ஓரிரு முறை வந்து, பால் கொடுப்பதிலிருந்து தூக்கம்வரை விசாரிப்பார். துணைக்கும் மருத்துவத்துக்கும் இடையிலுள்ள இந்தக் கோடு அழிந்தால் ஆபத்து. 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்தார். பிரசவத் துணையை ஆதரித்து எழுதும் எவரும் அந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொண்டே எழுதவேண்டும். இங்கே பேசப்படுவது மருத்துவமனைக்கு மாற்று அல்ல, மருத்துவமனைக்குள்ளேயே ஒரு பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய துணை.

குவாத்தமாலாவில் தொடங்கியது

இந்த ஆய்வுகளுக்கெல்லாம் முன்னோடி மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில் நடந்தது. குழந்தை மருத்துவர்கள் ஜான் கென்னலும் மார்ஷல் கிளாஸும் தாய்க்கும் சேய்க்கும் பிறந்தவுடன் உருவாகும் பிணைப்பை ஆராய்ந்துவந்தவர்கள். அவர்களும் குவாத்தமாலா மருத்துவர்களும் சேர்ந்து 1980இல் வெளியிட்ட ஆய்வில் துணையாக அமர்த்தப்பட்டவர் மருத்துவப் பயிற்சி இல்லாத உள்ளூர்ப் பெண். பிரசவிக்க வந்தவருக்கு அவர் முன்பின் அறியாதவர். சிக்கலில்லாமல் பிரசவித்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோது, துணை இருந்தவர்களுக்குப் பிரசவம் சராசரியாக 8.8 மணி நேரத்தில் முடிந்தது. துணை இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம் ஆனது.

அதே ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு கணக்கு இருக்கிறது. சிக்கலில்லாமல் பிரசவித்த 20 பேர் ஒவ்வொரு குழுவிலும் தேவைப்பட்டார்கள். துணை இருந்த பக்கத்தில் 33 பேரைச் சேர்த்ததுமே 20 பேர் கிடைத்துவிட்டார்கள். துணை இல்லாத பக்கத்தில் 103 பேரைச் சேர்க்கவேண்டியிருந்தது. மீதிப் பேருக்கு ஏதோ ஒரு தலையீடு, ஏதோ ஒரு சிக்கல். என் பார்வையில் மணிக் கணக்கைவிட இந்த எண்தான் வலுவான சாட்சி. துணை இருந்த தாய்மார் பிரசவத்துக்குப் பின் அதிக நேரம் விழித்திருந்தார்கள், குழந்தையைத் தடவினார்கள், சிரித்தார்கள், பேசினார்கள் என்றும் அந்த ஆய்வு குறித்துவைத்தது.

பயத்துக்கும் கர்ப்பப்பைக்கும் உள்ள தொடர்பு புதிரானது அல்ல. பயந்த உடலில் அட்ரினலின் சுரக்கிறது. அது ஏறும்போது கர்ப்பப்பை சுருங்குவது தளர்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கச் செவிலிய ஆய்வாளர் ரெஜினா லெடர்மேனின் குழு, பதற்றம் அதிகமான பெண்களின் ரத்தத்தில் அட்ரினலின் கூடுவதையும், அவர்களுக்குப் பிரசவம் நீள்வதையும் அளந்து காட்டியது. மனம் ஒரு பக்கம் என்றால், உடலுக்குக் கிடைக்கும் உதவி மறுபக்கம். துணைக்கு ஆள் இருந்தால் பெண் எழுந்து நடக்கிறாள், சாய்ந்துகொள்கிறாள், தண்ணீர் குடிக்கிறாள். வலியின் முதல் கட்டத்தில் படுத்தே கிடக்காமல் நிமிர்ந்திருப்பவர்களுக்கு அந்தக் கட்டம் சராசரியாக 1 மணி 22 நிமிடம் குறைகிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2013ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் கையோடு, தனியாக, புது இடத்தில் எந்தப் பெண் தானாக எழுந்து நடப்பாள்?

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

இந்தத் துறையில் இன்று எல்லாரும் எடுத்துக்காட்டுவது மெகன் போரனும் பிறரும் 2017இல் வெளியிட்ட காக்ரேன் தொகுப்பு. 17 நாடுகளில் 15,858 பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளின் விவரங்களை அது ஒன்றுசேர்த்தது. பிரசவம் முழுவதும் தொடர்ந்து துணை கிடைத்தவர்களுக்கு சிசேரியன் வாய்ப்பு 25 சதவீதம் குறைந்தது. ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பது ஏறக்குறைய 10 சதவீதம் குறைந்தது. பிறந்து ஐந்தாம் நிமிடத்தில் குழந்தையின் நிலையைக் கணிக்கத் தரப்படும் ஆப்கார் மதிப்பெண் தாழ்ந்துபோவது 38 சதவீதம் குறைந்தது. பிரசவம் சராசரியாக 41 நிமிடம் சுருங்கியது. பிரசவத்தைக் கசப்பான அனுபவமாக நினைவுகூர்ந்தவர்கள் 31 சதவீதம் குறைந்தார்கள். தீங்கு எதுவும் தென்படவில்லை.

இதைப் படித்ததும் கைதட்டத் தோன்றும். ஆனால் தொகுத்தவர்களே இந்தச் சான்றுகளின் தரம் குறைவு என்று ஒப்புக்கொள்கிறார்கள். மருந்தைச் சோதிக்கும்போது சிலருக்கு வெறும் மாத்திரையைக் கொடுத்து மறைக்கலாம். பக்கத்தில் ஆள் இருப்பதை எப்படி மறைப்பது? துணை இருப்பது மருத்துவருக்கும் தெரியும், செவிலியருக்கும் தெரியும். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதாலேயே கத்தியை எடுக்கும் கை சற்றுத் தயங்கலாம். ஹூஸ்டனில் பேசாமல் உட்கார்ந்திருந்த பெண் செய்த வேலையில் ஒரு பங்கு இதுவாகவும் இருக்கக்கூடும். அது குறை அல்ல, துணையின் பலன்களில் அதுவும் ஒன்று என்றே நான் கொள்வேன்.

எல்லா இடத்திலும் பலன் ஒரே அளவில் இல்லை. வட அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் 6,915 பெண்களிடம் எலன் ஹாட்னெட் குழு நடத்திய பெரிய ஆய்வு 2002இல் வெளியானது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் பிரசவம் முழுக்கப் பக்கத்தில் இருந்தும் சிசேரியன் விகிதம் மாறவேயில்லை. இரு குழுவிலும் 12.5 சதவீதத்தை ஒட்டியே நின்றது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் ஜஸ்டஸ் ஹோஃப்மெயர் 189 பெண்களிடம் நடத்திய ஆய்வில், அக்கம்பக்கத்துத் தன்னார்வலப் பெண்கள் துணையாக வந்தார்கள். பிரசவ நேரம் குறிப்பிடும்படி குறையவில்லை. ஆனால் ஆறு வாரம் கழித்துப் பார்த்தபோது, தாய்ப்பால் மட்டுமே கொடுத்தவர்கள் துணை கிடைத்தவர்களில் 51 சதவீதம், மற்றவர்களில் 29 சதவீதம். பிரசவத்தின்போது பக்கத்தில் இருந்த ஒருத்தியின் பேச்சு ஆறு வாரம் கழித்தும் வேலை செய்திருக்கிறது.

இந்த முடிவுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. பெண் எந்த அளவுக்குத் தனித்துவிடப்பட்டிருந்தாளோ, அந்த அளவுக்குத் துணையின் பலன் பெரிதாகத் தெரிகிறது. கூட்டம் நிறைந்த குவாத்தமாலா வார்டில் அது பாதி நேரத்தைக் குறைத்தது. செவிலியரும் கணவரும் ஏற்கெனவே சுற்றி நின்ற அந்த வட அமெரிக்க மருத்துவமனைகளில் சிசேரியன் கணக்கில் ஏறவில்லை.

யார் உட்காருவது?

நமக்கு முக்கியமான கேள்வி இதுதான். காக்ரேன் தொகுப்பு துணைக்கு இருந்தவர்களை மூன்றாகப் பிரித்தும் பார்த்தது: மருத்துவமனை ஊழியர், டூலா, பெண்ணே தேர்ந்தெடுத்த சொந்தக்காரர் அல்லது சிநேகிதி. சிசேரியன் தெளிவாகக் குறைந்தது டூலா இருந்த இடத்தில்தான், 39 சதவீதம். சொந்தக்காரர் இருந்த இடத்தில் பெண்களின் மனநிறைவு கூடியது, சிசேரியன் விகிதத்தில் தெளிவான மாற்றம் இல்லை. ஊழியர் இருந்த இடத்திலும் இல்லை. கணவர் அறைக்குள்ளேயே இருக்கும் 420 நடுத்தர வர்க்கத் தம்பதியரிடம் மெக்ராத்தும் கென்னலும் நடத்திய ஆய்வு 2008இல் வந்தது. கணவரோடு டூலாவும் இருந்தபோது சிசேரியன் 13.4 சதவீதம், கணவர் மட்டும் இருந்தபோது 25 சதவீதம்.

பாசம் அதிகமுள்ளவரால் ஏன் அதே பலனைத் தரமுடிவதில்லை? நம் ஊர் லேபர் வார்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இருபத்திரண்டு வயதுப் பெண். இடுப்பு வலி ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருகிறது. செவிலியர் வந்து பார்த்துவிட்டு, “மூணு விரல்தான் திறந்திருக்கு, இன்னும் நேரமாகும்” என்று அடுத்த கட்டிலுக்குப் போகிறார். நேரமாகும் என்றால் இரண்டு மணி நேரமா, விடியும்வரையா? அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கும் தெரியாது. மகள் கத்துவதைப் பார்க்கப் பார்க்க அம்மாவுக்குக் கண்ணீர் முட்டுகிறது. “கத்தாதடி, பக்கத்துல இருக்கவங்க என்ன நெனப்பாங்க” என்கிறார். அடுத்த வலிக்கு மருத்துவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுகிறார்: “ஆபரேஷன் பண்ணி எடுத்துருங்கம்மா, எம்பொண்ணு தாங்கமாட்டா.” மருத்துவர் அவசரப்படாமல் இருந்தாலும் குடும்பம் அவசரப்படுத்துகிறது. இந்த அம்மாவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. அவரும் பயந்துபோன ஒரு பெண்தான், அவருக்கும் யாரும் எதையும் சொல்லித்தரவில்லை.

அதே கட்டிலருகே விவரம் தெரிந்த ஒருத்தி இருந்தால் காட்சி மாறுகிறது. “மொதக் குழந்தைன்னா அப்படித்தாம்மா, மெதுவாத்தான் தெறக்கும். வா, ரெண்டு நடை நடப்போம்” என்று எழுப்புகிறாள். வலி ஏறும்போது இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடிக்கிறாள். இறங்கியதும் கையை எடுத்து, “போயிருச்சு பாரு, இப்ப மூச்சை விடு” என்கிறாள். சுடுதண்ணீரில் நனைத்த துணியை முதுகில் வைக்கிறாள். ஒரு வாய் கஞ்சித் தண்ணீர் கொடுக்கிறாள். சிறுநீர் கழிக்க நினைவூட்டுகிறாள். செவிலியர் ட்ரிப்ஸ் பாட்டிலில் ஊசியைச் சேர்க்க வந்தால், “சிஸ்டர், இது வலி வர்றதுக்கா? எதுக்காகப் போடுறீங்க?” என்று சண்டைக்கு நிற்காமல் கேட்கிறாள். இதில் எதற்கும் பட்டப்படிப்பு வேண்டாம். ஆனால் பிரசவம் எப்படி நகரும் என்று தெரிந்திருக்கவேண்டும், பதறாமல் இருக்கப் பழகியிருக்கவேண்டும்.

சொந்தக்காரரையே அப்படிப் பழக்கிவிட முடியுமா? அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இதைச் சோதித்தார்கள். வருமானம் குறைந்த, தலைப்பிரசவப் பெண்கள் 600 பேர். பெண் தேர்ந்தெடுத்த சிநேகிதிக்கோ உறவுக்காரிக்கோ இரண்டு மணி நேர வகுப்புகள் இரண்டு, அவ்வளவுதான். 2006இல் வெளியான முடிவின்படி பிரசவம் 11.7 மணி நேரத்திலிருந்து 10.4 மணி நேரமாகக் குறைந்தது, குழந்தைகளின் ஆப்கார் மதிப்பெண் கூடியது. சிசேரியன் விகிதம் மாறவில்லை. நான்கு மணி நேர வகுப்பு ஓர் அத்தையை அனுபவமுள்ள டூலாவாக மாற்றிவிடாது. ஆனால் வீண்போகவும் இல்லை. செலவை நினைத்தால் இந்த ஆய்வுதான் தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமானது.

காசுக்கு அமர்த்தும் டூலா என்ற ஏற்பாடு நம் நாட்டிலும் வந்துவிட்டது. சென்னை, பெங்களூரு, கொச்சி போன்ற நகரங்களில் கட்டணம் வாங்கி இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே செய்கிறவர்களும் உண்டு. ஆனால் இந்தத் தொழிலுக்கு அரசுப் பதிவோ ஒழுங்குமுறையோ கிடையாது. சான்றிதழ் எங்கே வாங்கியது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்தின் பொறுப்பு. கட்டணம் கட்டக்கூடிய குடும்பங்களின் எண்ணிக்கையும் குறைவு. அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடு பல மாநிலங்களில் டூலா கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறது. கலிபோர்னியா 2023 ஜனவரியில் தொடங்கியது. மினசோட்டாவில் இந்தக் காப்பீட்டில் பிரசவித்து டூலா உதவி பெற்ற 1,079 பேரில் சிசேரியன் 22.3 சதவீதம், நாடு முழுவதும் இதே காப்பீட்டில் பிரசவித்தவர்களிடம் 31.5 சதவீதம். இது குலுக்கல் முறையில் நடந்த ஆய்வு அல்ல, டூலாவைத் தேடிப் போனவர்கள் முதலிலேயே வேறுபட்டவர்களாக இருந்திருக்கலாம். இருந்தாலும் காப்பீட்டுக்காரர்கள் காதில் இந்த எண் விழுந்தது. ஆனால் பிரசவத்துக்கு முன் டூலா வந்து பேசும் கர்ப்பகாலச் சந்திப்புகளின் பலனைத் தனியே பிரித்துக் காட்டும் சான்று இன்னும் மெலிதாகவே இருக்கிறது.

நம் வீட்டுக் கதை

திருச்சி மலைக்கோட்டை தாயுமானவர் கதை தெரியாத தமிழர் குறைவு. காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய், இக்கரையில் வலியோடு மகள். சிவன் தாயின் உருவத்தில் வந்து உடனிருந்து பேறு பார்த்தார். தலைப்பிரசவத்துக்குத் தாய் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது இங்கே அவ்வளவு ஆழமான எதிர்பார்ப்பு. அவளால் வரமுடியாவிட்டால் கடவுள்தான் அந்த இடத்தை நிரப்பவேண்டும். வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவதும் இதற்காகவே.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. மருத்துவச்சியும் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சூழ இருந்த வீடுகளில்தான் ரத்தப்போக்கிலும் ஜன்னியிலும் பெண்கள் செத்தார்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தீட்டு என்று வாசலோடு நிறுத்திய சமூகமும் அதுதான். தமிழ்நாட்டில் இன்று 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைகளுக்குத் தாய்மார் இறப்பு 2018–20 கணக்கில் 54 ஆகக் குறைந்தது. இந்தச் சாதனையில் கைவைக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு வந்த வழியில், அம்மாவை வராந்தாவில் நிறுத்திவிட்டோம். மானிடவியலாளர் சிசிலியா வான் ஹாலன் 1990களில் தமிழ்நாட்டில் தங்கி ஆராய்ந்து 2003இல் ஒரு நூல் வெளியிட்டார். வலியைக் குறைக்க எந்த மருந்தும் இல்லாமல், வலியைக் கூட்டும் ஊசி மட்டும் ஏழைப் பெண்களுக்குத் தாராளமாகப் போடப்பட்டதை அதில் பதிவுசெய்திருக்கிறார். கட்டில் காலியாகவேண்டும் என்ற அவசரமும் அதற்கு ஒரு காரணம்.

தமிழ்நாடு அரசு 2004இலேயே அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பெண் உறவினர் ஒருவர் லேபர் வார்டுக்குள் உடனிருக்கலாம். நாட்டிலேயே இது முன்னோடி முயற்சி. மத்திய சுகாதார அமைச்சகம் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2016 பிப்ரவரியில்தான் எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் இதை அறிவித்தது. அதன் விதிகள் சுருக்கமானவை: துணைக்கு வருபவர் தாமே பிரசவித்த அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும், தொற்றுநோய் இருக்கக்கூடாது, சுத்தமான உடை உடுத்தவேண்டும், பிரசவம் முடியும்வரை இருக்கச் சம்மதிக்கவேண்டும், ஊழியர் வேலையில் குறுக்கிடக்கூடாது. தனிமைக்கு வசதி இருக்கும் இடத்தில் கணவரும் இருக்கலாம். லேபர் வார்டுகளின் தரத்தை உயர்த்த 2017 இறுதியில் வந்த மத்திய அரசின் லக்ஷ்யா திட்டமும் துணைவரை வலியுறுத்தியது. உலக சுகாதார நிறுவனம் 2018இல், பெண் தானே தேர்ந்தெடுத்தவர் துணைக்கு இருக்கவேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தது.

ஆணை இருப்பதும் அம்மா உள்ளே இருப்பதும் ஒன்றல்ல. பிரேசில் 2005இல் இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2011–12இல் நாடு தழுவிய கணக்கெடுப்பு நடந்தபோது பிரசவம் முழுக்கத் துணை கிடைத்தவர்கள் 18.8 சதவீதம் மட்டுமே. கால்வாசிப் பேருக்குத் துணையே இல்லை. நம் ஊரிலும் அது மருத்துவமனைக்கு மருத்துவமனை, ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுகிறது. இரவு வேலையில் உள்ள ஆயா மனது வைத்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. ஊழியர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. திரைகூட இல்லாத கூடத்தில் ஆறேழு பெண்கள் பிரசவிக்கும்போது, ஆளுக்கொரு துணை என்றால் அடுத்த பெண்ணின் மானம் என்ன ஆவது? உட்கார ஒரு ஸ்டூல் இல்லாத இடத்தில் பத்து மணி நேரம் யார் நிற்பார்? 22 நாடுகளிலிருந்து 51 ஆய்வுகளைத் தொகுத்த 2019ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கையிலும் இதே புகார்கள்தான்: இடமில்லை, மறைப்பு இல்லை, துணைக்கு வருபவருக்குத் தன் வேலை என்னவென்று தெரியவில்லை, ஊழியர்கள் அவரைத் தொந்தரவாகப் பார்க்கிறார்கள். துணை இருந்தால் திட்டும் அதட்டலும் குறைகிறது என்று பெண்கள் சொன்னதும் அதில் பதிவாகியிருக்கிறது.

சிசேரியனைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் அது 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. துணையை உள்ளே விட்டால் இது நான்கில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று கணக்குப் போடுவது ஏமாற்று. ஏற்கெனவே சிசேரியன் ஆனவருக்கு மறுபடியும் அதுவே என்ற வழக்கம், வழக்கு வந்துவிடுமோ என்ற மருத்துவரின் பயம், நட்சத்திரம் பார்த்து நேரம் குறித்துத் தரும் ஜோசியர், இவற்றில் எதையும் ஒரு டூலாவால் மாற்றமுடியாது. அவரால் மாற்றமுடிவது, வலி தொடங்கியபின் பயத்தாலும் அவசரத்தாலும் எடுக்கப்படும் முடிவுகளை மட்டும். அதன் பங்கு எவ்வளவு என்று யாராவது அளந்து பார்க்கவேண்டும்.

சிசேரியன் குறையாவிட்டாலும் துணை தேவையா? தேவை என்பதே என் கட்சி. பெனி சிம்கின் என்ற அமெரிக்கப் பிரசவக் கல்வியாளர், தலைப்பிரசவம் முடிந்து 15, 20 ஆண்டுகள் ஆன 20 பெண்களிடம் பேசி 1991இல் எழுதினார். அன்று யார் என்ன சொன்னார்கள், எப்படி நடத்தினார்கள் என்று அவர்கள் துல்லியமாக நினைவு வைத்திருந்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மூத்த மகனுக்கு ஐம்பது வயதானபிறகும், அன்று திட்டிய நர்ஸின் முகத்தையும், வெந்நீர் கொடுத்த ஆயாவின் பெயரையும் சொல்வார்கள்.

செய்யவேண்டியது பெரிய செலவுக் காரியம் அல்ல. அங்கன்வாடிகள் மூலம் அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையல் போட்டுச் சாப்பாடு கொடுத்து அனுப்பும் அதே நாளில், கூட வந்திருக்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் அக்காவுக்கும் இரண்டு மணி நேரம் சொல்லிக்கொடுக்கலாம்: வலி எப்படி நகரும், முதுகை எங்கே அழுத்துவது, எப்போது எழுப்பி நடக்கவைப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுவது, எதைச் சொல்லக்கூடாது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வரும்போது இன்னொரு முறை. லேபர் வார்டில் கட்டிலுக்கு ஒரு திரை, ஒரு ஸ்டூல். பிரசவப் பதிவேட்டில், துணை இருந்தாரா, முழு நேரமும் இருந்தாரா என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தை நிரப்பத் தொடங்கினால்தான் 2004ஆம் ஆண்டின் ஆணை எத்தனை பெண்களைப் போய்ச் சேர்ந்தது என்றே தெரியவரும்.

அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. உங்கள் வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால், எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போகும்போது மருத்துவமனையில் நேராகக் கேளுங்கள்: வலி வந்தபின் உள்ளே ஒருவரை விடுவீர்களா, இரவிலும் விடுவீர்களா? அரசு மருத்துவமனை என்றால் இது சலுகை அல்ல, ஆணையில் இருப்பது. யார் கூட வரவேண்டும் என்பதை அந்தப் பெண்ணையே சொல்லவிடுங்கள். அது மாமியாராக இல்லாமல் போகலாம், அம்மாவாகவும் இல்லாமல் போகலாம். அவள் கைகாட்டுகிற ஆள் பதறாதவராக, பிரசவம் பற்றி நாலு விஷயம் தெரிந்தவராக, முழு நேரமும் இருக்க ஒப்புக்கொண்டவராக இருந்தால் போதும்.